பந்தயத்தில் வந்த நடுக்கம் குளிரா, லோ சுகரா?

கேள்வி: என் மகளுக்கு 18 வயது. கிராஸ்-கன்ட்ரி பனிச்சறுக்கில் தேசிய ஜூனியர் அணியில் இருக்கிறாள். எட்டு மாதம் முன்பு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. பேனாவில் இன்சுலின் போடுகிறாள், மேல் கையில் சென்சார் ஒட்டியிருக்கிறது. இந்த சீசனின் முதல் 10 கி.மீ. பந்தயம் காலை பத்து மணிக்கு. எட்டு மணிக்கு எப்போதும்போல் சாப்பிட்டு, எப்போதும் போடும் டோஸையே போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது சுகர் 124. வெளியே மைனஸ் 14 டிகிரி. கடைசி மூன்று கிலோமீட்டரில் உடம்பு நடுங்கி, கையில் கோல் நிற்காமல், தடுமாறித்தான் முடித்தாள். குளிர்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். போர்வை போர்த்தி, ஹீட்டர் இருந்த கூடாரத்தில் உட்கார வைத்தோம். அதற்கப்புறம் சென்சாரைப் பார்த்தால் 48! சர்க்கரை நோய் விஷயம் அணியில் யாருக்கும் தெரியக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறாள். 'ஏதோ சின்ன உடல்நலப் பிரச்சினை' என்பது மட்டும்தான் பயிற்சியாளருக்குத் தெரியும். இன்சுலினே ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கிறது என்று வேறு யாரோ சொல்கிறார்கள். விளையாட்டை விட்டுவிடச் சொல்லலாமா, டாக்டர்?

பதில்: விடச் சொல்ல வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிற ஏற்பாட்டோடு அடுத்த பந்தயத்துக்கு அனுப்பவும் வேண்டாம்.

அன்று ஏன் அப்படி ஆனது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் போடும் வேக இன்சுலின் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். அதன் வேலை முழுசாக ஓய நான்கு மணி நேரமாவது ஆகும். எட்டு மணிக்கு ஊசி, பத்து மணிக்குப் பந்தயம் என்றால் மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே உங்கள் மகள் ஸ்டார்ட் கோட்டில் நிற்கிறார். அதற்கு முன்பு வார்ம்-அப் என்று அரை மணி நேரமாவது சறுக்கியிருப்பார். அதுவும் உடற்பயிற்சிதான், ஆனால் பெரும்பாலும் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு உடம்பு ஓட ஆரம்பித்ததும் கணையம் இன்சுலின் சுரப்பைத் தானாகவே குறைத்துவிடும். ஊசியில் உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது. ஈரல் சர்க்கரையை வெளியே விடாதபடி அது தடுத்துக்கொண்டே இருக்கும். உழைக்கிற தசையோ இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கிராஸ்-கன்ட்ரியில் கை, கால், முதுகு, வயிறு எல்லாமே உழைக்கின்றன. வீட்டில் இருக்கும் நாளில் 124 அழகான எண். அவ்வளவு இன்சுலின் உடம்பில் இருந்த அந்தக் காலையில் அது போதாது. (நான் சொல்லும் எண்கள் மி.கி./டெ.லி. கணக்கில். உங்கள் கருவி மில்லிமோலில் காட்டினால் 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தது குளிர். கோடைகால விளையாட்டு வீரர்களுக்கு இல்லாத தொல்லை இது. சுகர் இறங்கினால் நடுக்கம் வரும், முகம் வெளிறும், விரல் சொன்னபடி கேட்காது, கால் பின்னும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். குளிர் உடம்புக்குள் இறங்கினாலும் கிட்டத்தட்ட இதேதான். வியர்வையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், முழு வேகத்தில் சறுக்குகிறவர் உடைக்குள் எப்படியும் நனைந்துதான் இருப்பார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மட்டுமில்லை, சறுக்குகிறவருக்கே இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, சுகர் குறையும்போது உடம்புக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கும் திறனும் குறையும். அதனால் லோ சுகரோடு பனியில் விழுந்து கிடப்பவரின் உடல் வெப்பம் மற்றவர்களைவிட வேகமாக இறங்கும்.

அதனால் உங்கள் வீட்டிலும் அணியிலும் ஒரே ஒரு விதி இருக்கட்டும். பனியில் இருக்கும்போது அவர் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிந்தாலும் லோ சுகர் என்றே வைத்துக்கொண்டு முதலில் 15-20 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள், அப்புறம் பரிசோதியுங்கள். தப்பாக நினைத்துக் கொடுத்திருந்தால் சுகர் 200ஐத் தாண்டும், அவ்வளவுதான். கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். போர்வையும் ஹீட்டரும் தப்பில்லை, ஆனால் அவை இரண்டாவதாக வரவேண்டியவை. குளிரில் தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் ஊசி போட்ட இடத்திலிருந்து இன்சுலின் மெதுவாகவே உள்ளே போகும். சூடான இடத்துக்கு வந்ததும் ரத்தம் தோலுக்குத் திரும்பி, தங்கியிருந்த மருந்தும் சேர்ந்து ஓட ஆரம்பிக்கும். பந்தயம் முடிந்த கையோடு வெந்நீர்க் குளியல், சானா என்று போகிறவர்களுக்குத் திடீரென்று சுகர் சரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்சார் காட்டிய 48ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கு அடியில் உள்ள திரவத்தை. சுகர் வேகமாக இறங்கும்போது அது பத்து நிமிடம்போலப் பின்தங்கியே காட்டும். உண்மையான அளவு அதைவிடக் குறைவாக இருந்திருக்கலாம். விரலில் குத்திப் பார்ப்பதென்றால் முதலில் கையைச் சூடாக்குங்கள், துடையுங்கள். விரலில் எனர்ஜி ஜெல் ஒட்டியிருந்தால் 60 இருப்பவருக்கு மீட்டர் 180 காட்டும். பந்தயக் களத்தில் அடிக்கடி நடக்கிற கூத்து இது.

சரி, யாருக்கும் சொல்லக்கூடாது என்ற பிடிவாதத்துக்கு வருவோம். டோஸ் கணக்கைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

அமெரிக்காவின் கிரிஸ் ஃப்ரீமன் உங்கள் மகள் ஆடும் அதே விளையாட்டைச் சேர்ந்தவர். 2000இல், 19 வயதில், அவருக்கு டைப் 1 என்று தெரிந்தது. அதற்குப் பிறகு 2002, 2006, 2010, 2014 என்று நான்கு குளிர்கால ஒலிம்பிக்கில் சறுக்கினார். உலக சாம்பியன்ஷிப் 15 கி.மீ. பந்தயத்தில் 2003இலும் 2009இலும் நான்காம் இடம். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கின் 30 கி.மீ. பர்சூட் பந்தயத்தில் சுகர் இறங்கிப் பாதையோரம் பனியில் விழுந்துவிட்டார். அந்த இடத்தில் அவருடைய அணி ஆள் இல்லை. வேறு நாட்டு அணியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த இனிப்புப் பானத்தைக் குடித்துத்தான் எழுந்தார். பதக்க வாய்ப்பு போய்விட்டது, ஆனாலும் பந்தயத்தை முடித்தார்.

ஃப்ரீமனுக்கு சர்க்கரை நோய் என்பது அந்தக் களத்தில் இருந்த பலருக்கும் தெரிந்த விஷயம். பத்து வருட அனுபவம், ஒலிம்பிக் அணியின் மருத்துவ வசதி எல்லாம் இருந்தும் இப்படி ஆனது. உங்கள் மகள் விழுந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன தெரியும்? 'பாவம், களைத்துவிட்டாள்' என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்.

ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று பேருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்: தலைமைப் பயிற்சியாளர், பாதையோரம் பானம் கொடுக்க நிற்பவர், முகாமில் அதே அறையில் தூங்குகிற தோழி. இந்த மூவருக்கும் லோ சுகர் எப்படி இருக்கும், ஜெல் எந்தப் பையில் இருக்கிறது, மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் குளுக்ககானை (ஈரலில் சேமித்த சர்க்கரையை வெளியே விடவைக்கும் அவசர மருந்து) எப்படிக் கொடுப்பது என்பது செய்துகாட்டிப் பழக்கப்பட்டிருக்க வேண்டும். நீண்ட பந்தயத்துக்குப் பிறகு ஈரலில் சேமிப்பு தீர்ந்திருந்தால் குளுக்ககான் முழுப் பலன் தராது. அதனால் கொடுத்த கையோடு ஆம்புலன்ஸையும் அழைக்க வேண்டும். பாதையில் எந்த இடங்களில் பானம் கொடுக்கலாம் என்று அமைப்பாளர்களிடம் முன்னதாகவே பேசிவைப்பதும் பயிற்சியாளரின் வேலை. நோய் தெரியாத பயிற்சியாளரால் இதையெல்லாம் எப்படிச் செய்ய முடியும்?

சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அவர் பயப்படுகிறார் என நினைக்கிறேன். பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐஸ் ஹாக்கியில், அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் 1969 தேர்வில், பாபி கிளார்க்கைப் பல அணிகள் தயங்கித் தள்ளிவிட்டன, சர்க்கரை நோய் இருக்கிறது என்று. இரண்டாம் சுற்றில், 17ஆவது ஆளாகத்தான் பிலடெல்பியா அணி எடுத்தது. பிறகு அவர் அதே அணிக்குக் கேப்டனாகி 1974, 1975 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பையை வென்றார். 2019 தேர்வில் பின்லாந்தின் காப்போ காக்கோவுக்கும் டைப் 1 இருப்பது தெரிந்த விஷயம்தான். இரண்டாவது ஆளாகவே எடுத்தார்கள். காலம் மாறியிருக்கிறது. மாறாத பயிற்சியாளர்களும் இருக்கலாம். ஆனால் கடைசி மூன்று கிலோமீட்டரில் காரணம் தெரியாமல் தடுமாறுகிற வீராங்கனையைவிட, காரணமும் திட்டமும் உள்ள வீராங்கனையைத்தான் எந்தப் பயிற்சியாளரும் வைத்துக்கொள்வார்.

அந்தத் திட்டத்தை அவருடைய சர்க்கரை நோய் மருத்துவரோடு உட்கார்ந்துதான் போட வேண்டும். யூனிட் கணக்கை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் பேச்சை எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன். பந்தயத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வரும் சாப்பாட்டுக்கு வேக இன்சுலினைக் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை குறைப்பது வழக்கம். எவ்வளவு என்பது ஆளைப் பொறுத்தது, பந்தய தூரத்தைப் பொறுத்தது. முடிந்தால் சாப்பாட்டையே இன்னும் முன்னால் தள்ளலாம். ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடட்டும். கிளம்பும்போது 126க்கும் 180க்கும் நடுவில் இருப்பது நல்லது. 90க்குக் கீழே இருந்தால் முதலில் 10-20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, ஏறிய பிறகே கிளம்பவேண்டும். சென்சாரில் எண்ணோடு அம்புக்குறியையும் பாருங்கள். கீழ்நோக்கிய அம்போடு வரும் 140, நேர் அம்போடு வரும் 110ஐவிட மோசம். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் பந்தயம் என்றால் மணிக்கு 30-60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். முந்தைய 24 மணி நேரத்தில் இன்னொருவர் உதவி தேவைப்படும் அளவுக்கு லோ சுகர் வந்திருந்தால் அன்று பந்தயமே கிடையாது. ஒருமுறை சுகர் நன்றாக இறங்கினால் மறுநாள் உடம்பின் எச்சரிக்கை மணி மந்தமாகத்தான் அடிக்கும். அடுத்தடுத்த நாள் போட்டி இருக்கும் வாரங்களில் இதை மறக்கக்கூடாது.

ஸ்பிரின்ட் நாள் இதற்கு நேர் எதிர். மூன்று நிமிடச் சறுக்கல், நடுவில் காத்திருப்பு, மறுபடி மூன்று நிமிடம் என்று தகுதிச் சுற்றிலிருந்து இறுதிச் சுற்று வரை போகும். முழு வேகமும் பதற்றமும் சேர்ந்து அட்ரினலினை ஏற்றிவிட, சுகர் 250, 280 என்று போகும். அதைப் பார்த்துப் பயந்து ஒரு ஊசி, அரை மணி கழித்து இன்னொரு ஊசி என்று போட்டால், அரை இறுதி வரும்போது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கீழே இழுக்கும். அட்ரினலின் ஏற்றிய சுகர் பெரும்பாலும் தானாகவே இறங்கும். போட்டே ஆகவேண்டும் என்றால், ஏறிய சுகரை இறக்க வழக்கமாகப் போடும் திருத்த டோஸில் பாதியைத் தாண்ட வேண்டாம். அதேசமயம், காரணமே தெரியாமல் 270க்கு மேல் நின்றால் ரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது சேரும் அமிலப் பொருள்) பாருங்கள். அது லிட்டருக்கு 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் பந்தயம் வேண்டாம், சிகிச்சைதான்.

காரணம் தெரியாத உயர் சுகருக்குப் பனிக்களத்தில் முதல் சந்தேகம் பேனா மேல்தான் வரவேண்டும். உறைந்த இன்சுலின் கெட்டுப்போய்விடும். உருகிய பிறகு பார்க்கத் தெளிவாகவே இருக்கலாம், ஆனாலும் தூக்கி எறியத்தான் வேண்டும். பேனாவைப் பையின் வெளி அறையிலோ காரிலோ வைக்காமல் உடம்பை ஒட்டிய உள் பாக்கெட்டில் வைக்கட்டும். கைசூடேற்றிப் பொட்டலத்தோடு ஒட்டி வைத்தால் அதிகச் சூட்டில் கெடும், அதுவும் வேண்டாம். விமானத்தில் போனால் கைப்பையில் மட்டும்தான், சரக்கு அறையில் உறைந்துவிடக்கூடும். இன்னொரு செட் பயிற்சியாளரிடம் இருக்கட்டும். சென்சார் தோலில் ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், கைவிடுவது போன்தான். பேட்டரி குளிரில் திடீரென்று அணைந்துவிடும். மீட்டரும் குளிரில் 'எரர்' காட்டும், அதையும் சட்டைக்குள் வைக்க வேண்டும். ஜெல் கெட்டியாகிவிடும், பானம் உறையும். வெதுவெதுப்பாகக் கலந்து, குளிர் புகாத குடுவையில் ஊற்றிக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் மாத்திரை உறையாது, ஆனால் தடித்த கையுறையோடு அந்த உறையைக் கிழிக்க முடியாது. முதலிலேயே பிரித்து வைத்திருக்கட்டும்.

பந்தயம் முடிந்தாலும் அன்றைய இரவு பாக்கி இருக்கிறது. காலியான தசைகள் இரவெல்லாம் சர்க்கரையை இழுத்துச் சேமிக்கும். பந்தயம் முடிந்து ஆறிலிருந்து பதினைந்து மணி நேரம் வரை எப்போது வேண்டுமானாலும் சுகர் இறங்கலாம். அதாவது தூக்கத்தில். கடுமையான நாளின் இரவில் நீண்டநேர இன்சுலினைச் சுமார் 20 சதவீதம் குறைப்பது பற்றியும், படுக்கும் முன் சிற்றுண்டி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். சென்சார் இருக்கும் பக்கம் அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைவு காட்டும், அதனால் அலாரம் அடித்தால் விரலில் ஒருமுறை சரிபார்க்கவும். அலாரத்தை மட்டும் அணைத்துவிடக்கூடாது.

இன்னொன்று: நோய் தெரிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இந்தக் காலத்தில் கணையம் இன்னும் கொஞ்சம் சொந்த இன்சுலின் சுரந்துகொண்டிருக்கலாம். அது குறையக் குறைய டோஸ் கணக்கு மாறும். இந்த சீசனின் திட்டம் அடுத்த சீசனுக்கு அப்படியே பொருந்தாது. பயிற்சி நாட்களில் என்ன சாப்பிட்டார், எத்தனை யூனிட், என்ன வெப்பநிலை, சுகர் எங்கே போனது என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அதுதான் ஆதாரம். புது டோஸை முதலில் பயிற்சியில் பாருங்கள், பந்தயத்தில் வேண்டாம்.

ஊக்கமருந்து விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், இது அவசரமும்கூட. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் தடைப் பட்டியலில் இன்சுலின் இருக்கிறது. போட்டி நாளில் மட்டும் இல்லை, வருடம் முழுக்கத் தடை. நோய் இல்லாதவர்கள் தசைக்காகத் தவறாகப் பயன்படுத்துவதால் வந்த விதி அது. உண்மையான நோயாளிக்கு டி.யு.இ. எனப்படும் சிகிச்சை விலக்கு உண்டு. தேசிய அளவில் ஆடுகிறவர் நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடமும், சர்வதேச அளவில் ஆடுகிறவர் சர்வதேச ஸ்கீ மற்றும் ஸ்னோபோர்டு கூட்டமைப்பான ஃபிஸ் வழியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாகப் போட்டிக்கு 30 நாளாவது முன்னதாக. நோய் உறுதியான ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், மருத்துவரின் கடிதம், எந்த இன்சுலின் என்ற விவரம் தேவைப்படும். டைப் 1க்கு மறுப்பதற்குக் காரணமே இல்லை. ஆனால் எட்டு மாதமாக விலக்கு இல்லாமல் இன்சுலின் போட்டுவருகிறார் என்றால், இந்த வாரமே விண்ணப்பித்து, கடந்த காலத்துக்கும் சேர்த்து முன்தேதியிட்டுக் கேளுங்கள். விதியில் அதற்கு இடம் உண்டு. பயிற்சியாளரிடமும் அணி மருத்துவரிடமும் மறைத்துக்கொண்டு இதைச் செய்வது கஷ்டம். உங்கள் மகளிடம் பேச்சைத் தொடங்க உங்களுக்கு இதுவே நல்ல காரணம். இன்னொரு விதியும் தெரிந்திருக்கட்டும்: மருத்துவமனைச் சிகிச்சைக்கு வெளியே 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் டிரிப் ஏற்றுவதும் தடை. நல்ல எண்ணத்தில் கூடாரத்திலேயே யாராவது குளுக்கோஸ் பாட்டில் மாட்டிவிடக்கூடாது.

கடைசியாக உங்களுக்கு. சென்சார் எண் உங்கள் போனிலும் தெரிகிறது என்றால், மகளோடு உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் 70க்குக் கீழே போய், பதினைந்து நிமிடத்தில் ஏறவில்லை என்றால் நீங்கள் அறைத்தோழியை அழைக்கலாம். பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து மட்டும் நீங்கள் போன் செய்யக்கூடாது. அந்த நேரத்தில் எண்ணையும் அம்புக்குறியையும் பார்க்க வேண்டியவர் பயிற்சியாளர்.